கொரியாவில் பேஸ்பால் மேட்ச் பார்க்க: டிக்கெட்டிலிருந்து திரும்பும் ரயில் வரை முழுமையான வழிகாட்டி

சியோலுக்கு வருகிறவர்கள் பலரும் ஒரு மாலையை பேஸ்பாலுக்கு ஒதுக்குகிறார்கள். ஆனால் செய்கிற வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் தேதி, அப்புறம் கிடைத்த டிக்கெட், அப்புறம் கிடைத்த சீட், கடைசியாக மைதானத்துக்குள் போய் "நம்ம டீம் எது?" என்ற கேள்வி. அதற்குள் எதிரணி ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பார்கள்.

கொரியாவில் அணியைத்தான் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தத் தளத்தில் டிக்கெட், மைதானத்தின் எந்தப் பக்கம் சீட், என்ன நிறச் சட்டை என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை. சியோலின் ஜாம்சில் மைதானத்தை மையமாக வைத்துத்தான் எழுதுகிறேன், முதல்முறை வருகிறவர்கள் அநேகமாக அங்கேதான் போகிறார்கள். மற்ற ஊர்களுக்கு மாறுகிற விஷயங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

## முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட், வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு, கொஞ்சம் வோன் ரொக்கம், ஒரு டி-மணி கார்டு, போனில் டேட்டா. டி-மணி என்பது மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் பொதுவான கார்டு. ஸ்டேஷன் இயந்திரங்களில் அதற்குப் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம்தான் வேண்டும் என்பதால் நோட்டு கையில் இருக்கட்டும்.

கூகுள் மேப்ஸ் கொரியாவில் நடைவழியைச் சரியாகக் காட்டாது. நேவர் மேப் அல்லது ககாவ் மேப் இரண்டில் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கடைப் பலகைகளையும் டிக்கெட் தளங்களையும் படிக்க பப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

## 1. அணியைத் தேர்ந்தெடுங்கள்

கொரியாவின் தொழில்முறை பேஸ்பால் லீக்குக்கு கேபிஓ என்று பெயர், அதில் 10 அணிகள். இவற்றை மக்கள் ஊர்ப் பெயரால் அல்ல, நிறுவனப் பெயரால் அழைக்கிறார்கள். அதனால் "சியோல் டீம்" என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. எல்ஜி ட்வின்ஸ், டூசான் பேர்ஸ், கியும் ஹீரோஸ் மூன்றுமே சியோலில் இருக்கின்றன. முதல் இரண்டும் ஜாம்சில் மைதானத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. கியும் அணியின் வீடு கொச்சொக் ஸ்கை டோம்.

சியோலிலிருந்து மெட்ரோவிலும் பஸ்ஸிலுமாகப் போய்வரக்கூடியவை இஞ்சியோனில் எஸ்எஸ்ஜி லேண்டர்ஸ், சுவோனில் கேடி விஸ். தெற்கே போகிற பயணம் என்றால் தேஜானில் ஹன்வா ஈகிள்ஸ், தேகுவில் சாம்சங் லயன்ஸ், குவாங்ஜுவில் கியா டைகர்ஸ், சாங்வோனில் என்சி டைனோஸ், பூசானில் லோட்டே ஜயன்ட்ஸ்.

என் சிபாரிசு: சியோலில் மட்டும் தங்குகிறவர்கள் ஜாம்சில் போங்கள். பயணத்தில் பூசான் இருந்தால் லோட்டேயின் சஜிக் மைதானத்துக்குப் போங்கள். கட்டடம் பழையது, கூட்டத்தின் சத்தத்துக்காகவே போகலாம். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு கொச்சொக்தான் பத்திரம், லீக்கில் கூரை உள்ள ஒரே மைதானம் அது.

## 2. அட்டவணையைச் சரியாகப் படியுங்கள்

சீசன் மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் வரை போகும். அதற்குப் பிறகு வருவது சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப். அதற்கு டிக்கெட் கிடைப்பது உள்ளூர்க்காரர்களுக்கே பெரும்பாடு. பொதுவாகத் திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. வாரநாட்களில் மாலை 6:30. சனி, ஞாயிறு நேரம் பருவத்துக்கேற்ப மாறும்: வசந்தத்தில் ஞாயிறு பிற்பகல் 2 மணிக்கே தொடங்கும், கோடை உச்சத்தில் 6 மணி ஆகும். தேதியைப் போட்டு நேரத்தைத் தனியாகச் சரிபாருங்கள்.

செவ்வாய் முதல் வியாழன் வரை ஒரே இரண்டு அணிகள் மோதும், வெள்ளி முதல் ஞாயிறு வரை அடுத்த ஜோடி. பயணத் தேதி ஒருநாள் நகர்ந்தாலும் அதே ஆட்டக்காரர்களைப் பார்த்துவிடலாம்.

கேபிஓவின் அட்டவணையில் இடப்பக்கம் எழுதியிருப்பது வந்து ஆடும் அணி, வலப்பக்கம் இருப்பது சொந்த மைதான அணி. ஜாம்சிலில் இதைக் கவனிக்காவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எல்ஜியும் டூசானும் மோதும் நாளில் மைதானம் ஒன்றுதான், ஆனால் அன்றைக்கு யார் வீட்டுக்காரர் என்பதைப் பொறுத்து டிக்கெட் விற்கும் தளமே வேறு.

## 3. டிக்கெட் வாங்குங்கள்

டிக்கெட் விற்பது லீக் இல்லை, சொந்த மைதான அணி. எல்ஜிக்கு டிக்கெட்லிங்க், டூசானுக்கும் கியுமுக்கும் இன்டர்பார்க் (இப்போது நோல் டிக்கெட் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்), லோட்டே தன் சொந்தத் தளத்தில் விற்கிறது. "ஜாம்சில் டிக்கெட் சோல்டு அவுட்" என்று புலம்புகிறவர்களில் சிலர் தப்பான தளத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

விற்பனை பொதுவாக ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு திறக்கும். காலை 11 மணி அல்லது பிற்பகல் 2 மணி என்று அணிக்கு அணி மாறும். இந்தியா, இலங்கை நேரத்தில் அது காலை 7:30 அல்லது 10:30. ஊரிலிருந்தே வாங்க நினைக்கிறவர்கள் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களுக்கு முன்கூட்டியே திறந்துவிடுவதால், பொது விற்பனை தொடங்கும்போதே நல்ல சீட்டுகள் போயிருக்கலாம்.

இங்கேதான் வெளிநாட்டுக்காரருக்குச் சுவர். உள்ளூர்த் தளங்களில் கணக்குத் தொடங்க கொரிய போன் எண்ணில் அடையாளச் சரிபார்ப்பு கேட்கும். சுற்றுலாப் பயணிக்கான சிம் பல நேரம் அதற்குச் செல்லாது. வெளிநாட்டு கார்டும் பணம் கட்டும் கடைசிக் கட்டத்தில் மறுக்கப்படலாம். அதனால் இந்த வரிசையில் முயலுங்கள்.

முதலில், நீங்கள் தேர்ந்தெடுத்த அணியின் ஆட்டம் டிக்கெட் தளத்தின் ஆங்கிலப் பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா அணிகளும் எல்லா ஆட்டங்களும் அங்கே வருவதில்லை. வந்தால் பாஸ்போர்ட் பெயரும் மின்னஞ்சலும் போதும்.

இரண்டாவது, கொரியாவில் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவரை வாங்கச் சொல்லுங்கள். படிக்கவோ வேலைக்கோ போன நம்மவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர் பெயரில் வாங்கி மொபைல் டிக்கெட்டை உங்களுக்கு அனுப்ப முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அவரும் கூட வர வேண்டியிருக்கும்.

மூன்றாவது, சுற்றுலாச் செயலிகள். விலை கூடுதல். சீட்டை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியுமா, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறதா, மழையில் ரத்தானால் பணம் திரும்புமா என்ற மூன்றையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

நான்காவது, அன்றைக்கே மைதானக் கவுண்டர். இணையத்தில் விற்காமல் மீந்தவை மட்டுமே அங்கே வரும். 2024ல் லீக்கின் பார்வையாளர் எண்ணிக்கை முதல்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது, 2025ல் 1 கோடியே 20 லட்சத்தையும் தாண்டிவிட்டது. "கவுண்டரில் வாங்கிக்கலாம்" என்ற பழைய பயண அறிவுரைகளை நம்பாதீர்கள். வாரநாள், பிரபலம் குறைந்த எதிரணி என்றால் மட்டும் நம்பிப் போகலாம். கியா, லோட்டே, ஹன்வா, சாம்சங் ரசிகர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் சியோலுக்கு ஆட வந்தால் எதிரணிப் பக்கமும் நிரம்பிவிடும். கியும், கேடி, என்சி வருகிற நாட்களில் வாய்ப்பு அதிகம்.

விற்றுத் தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவும் ஆட்டத்தன்று காலையும் ஒருமுறை பாருங்கள். திட்டம் மாறியவர்கள் ரத்து செய்கிற டிக்கெட்டுகள் ஒன்றிரண்டாக வந்துகொண்டே இருக்கும். சேர்ந்தாற்போல நான்கு சீட் கிடைக்காது, இரண்டு கிடைக்கும்.

வாசலில் கூடுதல் விலைக்கு நீட்டுகிறவர்களிடம் வாங்க வேண்டாம். அது அங்கே சட்டப்படி குற்றம். தவிர, ஒரே க்யூஆரின் ஸ்கிரீன்ஷாட்டைப் பலருக்கு விற்றிருந்தால் முதலில் போனவர் உள்ளே, நீங்கள் வெளியே.

## 4. பக்கத்தையும் சீட்டையும் பாருங்கள்

ஜாம்சிலில் சொந்த அணி ரசிகர்கள் முதல் பேஸ் பக்கம் (பேட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம்), வந்தவர்கள் மூன்றாம் பேஸ் பக்கம் (இடப்பக்கம்). எல்ஜிக்கும் டூசானுக்கும் இதே விதி. ஆனால் இதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: குவாங்ஜுவிலும் தேகுவிலும் சொந்த அணிக்கு மூன்றாம் பேஸ் பக்கம். சீட் வரைபடத்தில் சொந்த அணியின் ஆதரவாளர் பகுதி எங்கே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஜாம்சிலில் சீட்டுகள் நிறத்தால் அழைக்கப்படுகின்றன. ஆரஞ்சு என்பது ஆதரவு மேடைக்கு நேர் எதிரே இருப்பது. மேடையில் ஆதரவுக் குழுத் தலைவரும் நடனக் குழுவும் நிற்பார்கள், ஸ்பீக்கர்கள் அங்கேதான் இருக்கும். தங்கள் அணி பேட் செய்யும்போது அந்தப் பகுதி முழுவதும் எழுந்து நின்று பாடும். அந்தக் கூத்துக்காகத்தான் வருகிறீர்கள் என்றால் ஆரஞ்சுதான். கைக்குழந்தையோ முழங்கால் வலி உள்ள பெரியவரோ கூட இருந்தால் அங்கே வேண்டாம். காதும் காலும் தாங்காது. சிவப்பு சற்று ஓரம், பாட்டு கேட்கும், உட்கார்ந்தும் பார்க்கலாம். நேவி என்பது மேல்தளம். முழு மைதானமும் தெரியும், விலையும் குறைவு. ஆட்டத்தைப் புரிந்துகொள்ள விரும்புகிற முதல்முறைக்காரருக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பச்சை வெளிக்களம், மலிவு, ஆனால் பந்து வீசும் பிட்சரின் கையிலிருந்து பந்து எப்படி வருகிறது என்றே தெரியாது.

விலை நாளுக்கும் எதிரணிக்கும் ஏற்ப மாறும். வெளிக்களம் 10,000 வோன் சுற்றுவட்டாரம், ஆரஞ்சு போன்றவை 20,000 சுற்றுவட்டாரம் என்று வைத்துக்கொண்டு திட்டமிடலாம். வார இறுதியில் கூடும்.

பகல் ஆட்டமென்றால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஜாம்சிலில் பிற்பகல் வெயில் மூன்றாம் பேஸ் பக்கத்தின் முகத்தில் அடிக்கும், முதல் பேஸ் பக்கம் சீக்கிரம் நிழலாகிவிடும்.

## 5. உடையும் பையும்

சொந்த அணிப் பகுதியில் எதிரணியின் ஜெர்சியோடு உட்காராதீர்கள். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் இரண்டு தரப்புக்கும் சங்கடம். ஜெர்சி வாங்கியே ஆக வேண்டும் என்றில்லை. அணியின் நிறத்தில் ஒரு டி-ஷர்ட், மைதானக் கடையில் கை தட்டும் குச்சி ஒரு ஜோடி, அவ்வளவுதான்.

ஏப்ரல் மாலையில் சென்னை, யாழ்ப்பாண உடம்புக்குக் குளிர் தாங்காது. உட்கார்ந்தே இருப்பதால் குளிர் இன்னும் ஏறும். ஜாக்கெட் கட்டாயம். கோடையில் கைவிசிறியும் தொப்பியும் வேண்டும். மழை வரும்போலிருந்தால் குடை வேண்டாம், பின்னால் இருப்பவருக்கு மறைக்கும். கடையில் விற்கிற மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேன், கண்ணாடிப் பாட்டில், ஒரு லிட்டருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் பாட்டில், காட்டமான மது ஆகியவை உள்ளே போகாது, நுழைவாயிலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பெரிய சூட்கேஸோடு விமான நிலையத்திலிருந்து நேராக வராதீர்கள். மெட்ரோ ஸ்டேஷன் லாக்கரில் வைக்கலாம், ஆனால் ஆட்ட நாளில் பெரிய லாக்கர்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

## 6. சரியான ஸ்டேஷனில் இறங்குங்கள்

ஜாம்சில் மைதானம் ஜாம்சில் ஸ்டேஷனில் இல்லை! அங்கே இருப்பது லோட்டே வேர்ல்ட் என்ற பொழுதுபோக்குப் பூங்காவும் உயரமான கோபுரமும். மைதானத்துக்கு இறங்க வேண்டியது ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் ஸ்டேஷன், 2வது, 9வது தடங்கள், 5 அல்லது 6ஆம் வாசல். புதியவர்கள் செய்கிற பிழைகளில் இதுவே முதலிடம். இறங்கிவிட்டால் பதறாதீர்கள், 2வது தடத்தில் இரண்டே ஸ்டேஷன்தான்.

பூசானிலும் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ் என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு, 3வது தடத்தில். சஜிக் மைதானத்துக்கு அதிலோ சஜிக் ஸ்டேஷனிலோ இறங்கலாம். வரைபடத்தில் ஸ்டேஷன் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். கொச்சொக் டோமுக்கு 1வது தடத்தில் குயில் ஸ்டேஷன். அந்தத் தடம் குரோ ஸ்டேஷனுக்குப் பிறகு இரண்டாகப் பிரிகிறது, இஞ்சியோன் திசை ரயிலில் ஏறினால்தான் குயில் வரும்.

2026 சீசனோடு இப்போதைய ஜாம்சில் மைதானத்தை மூடிவிட்டு, 2027 முதல் பக்கத்திலுள்ள ஒலிம்பிக் மைதானத்தில் தற்காலிகமாக ஆடுவதாகத் திட்டம். இறங்கும் ஸ்டேஷன் அதேதான், சீட் நிறங்களும் வரைபடமும் மாறும்.

ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். டிக்கெட்டை அச்சடிக்க வேண்டியிருந்தால் இயந்திரத்தில் வரிசை, நுழைவில் வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. மொபைல் டிக்கெட்டில் க்யூஆர் இருந்தால் முதல் வரிசை மிச்சம். பெயர் சரிபார்க்கும் கவுண்டரில் பாஸ்போர்ட் கேட்பார்கள்.

## 7. சாப்பாடு

வெளியிலிருந்து உணவு கொண்டுபோகலாம். வறுத்த கோழியும் பீரும் அங்கே ஆட்டத்தின் பாதி. முதுகில் பீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு படிகளில் ஏறி இறங்கி ஊற்றிக் கொடுக்கிற ஆட்களைப் பார்ப்பீர்கள். ஜாம்சிலில் பன்றி இறைச்சி டப்பாவும் குளிர்ந்த கிம்ச்சி நூடுல்ஸும் பேர்பெற்றவை. இஞ்சியோனில் கிரீம் இறாலுக்கு வரிசை நிற்கும்.

மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். கிம்ச்சியில் பெரும்பாலும் மீன் அல்லது இறால் ஊறல் இருக்கும். தொக்போக்கி (காரச் சாற்றில் வேகும் அரிசிக் கேக்) சிவப்பாக, சைவமாகத் தெரியும், ஆனால் அதில் மீன் கேக்கும் நெத்திலிச் சாறும் சேர்வது வழக்கம். கிம்பாப் என்ற சோற்று உருளைக்குள் ஹாமோ நண்டுக் குச்சியோ ஒளிந்திருக்கும். மைதானக் கடைகளில் இதையெல்லாம் எடுத்துவிடச் சொல்லி வாங்குவது கூட்டத்தில் நடக்காது. ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கடையில் வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, ரொட்டி வாங்கிக்கொண்டு உள்ளே போவதே நிம்மதி. ஹலால் பார்க்கிறவர்களுக்கும் அதே ஆலோசனைதான்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் களத்தைச் சீர்செய்ய ஒரு இடைவேளை விடுவார்கள். எல்லோரும் அப்போதுதான் எழுவார்கள். நீங்கள் நான்காவதிலேயே போய் வந்துவிடுங்கள். கழிப்பறைக்கும் இதே கணக்கு.

## 8. ஆட்டத்தையும் பாட்டையும் பின்தொடருங்கள்

பெரிய பலகையில் பி, எஸ், ஓ என்று மூன்று வரிசை விளக்குகள் இருக்கும். பி என்பது பால் (ball), அதாவது அடிக்க வேண்டிய எல்லைக்கு வெளியே போய் பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து, நான்கு சேர்ந்தால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவார். எஸ் ஸ்ட்ரைக், எல்லைக்குள் வந்தும் அடிக்காமல் விட்டதோ அடிக்கப் போய்த் தவறியதோ, மூன்றானால் அவுட். ஓ அவுட், மூன்றானால் அணிகள் இடம் மாறும். இந்த மூன்று போதும், மற்றது தானாகப் புரியும். ஸ்ட்ரைக்கா பாலா என்பதை 2024லிருந்து இயந்திரம்தான் தீர்மானிக்கிறது, ஆகவே அதற்காக நடுவரோடு வாக்குவாதம் பார்ப்பது அரிது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் சமமாக இருந்தால் நீட்டிப்பார்கள், ஆனால் 2025லிருந்து 11வது இன்னிங்ஸோடு சரி. டிரா ஆகலாம்.

பாடுவது தங்கள் அணி பேட் செய்யும்போது மட்டும். எதிரணி பேட் செய்யும்போது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்தத் தாளத்தைப் பிடித்துவிட்டால் எப்போது எழுவது என்ற குழப்பம் தீரும். ஒவ்வொரு பேட்டருக்கும் தனிப் பாட்டு உண்டு. ஒரே ஆள் ஆட்டத்தில் நான்கு முறை போல வருவதால், மூன்றாம் முறை அவர் வரும்போது உங்கள் வாயும் தானாக அசையும். சொற்கள் தெரியாவிட்டால் கையசைவை மட்டும் பாருங்கள். தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்பது மரியாதை.

ஒரு எச்சரிக்கை. பேட்டில் பட்டுத் தப்பிய பந்து பார்வையாளர் பக்கம் வந்தால் ஊழியர்கள் விசில் ஊதுவார்கள். விசில் கேட்டால் போனைப் பார்க்காமல் மேலே பாருங்கள். பிடித்த பந்து உங்களுடையதே. ஆனால் பூசானில் பெரியவர் யாராவது பிடித்தால் கூட்டமே "அ ஜூரா!" என்று கத்தும். பக்கத்திலிருக்கும் குழந்தைக்குக் கொடு என்று அர்த்தம். கொடுத்துவிடுங்கள், வேறு வழியில்லை.

## 9. மழை வந்தால்

தொடங்கும் முன்பே ரத்தானால் முழுப் பணமும் திரும்பும். தொடங்கி ஐந்து இன்னிங்ஸ் முடியாமல் நின்றுபோனால் அது ஆட்டமே இல்லை என்று கணக்கு, பணம் திரும்பும். ஐந்து முடிந்த பிறகு மழையால் நிறுத்தினால் அது முழு ஆட்டம், பணம் கிடையாது. இடையில் வேறு நிறுவனம் வழியாக வாங்கியிருந்தால் அவர்கள் விதி வேறாக இருக்கலாம்.

தூறல் விழுந்ததுமே கிளம்பிவிடாதீர்கள். நிறுத்திவிட்டு அரைமணி, ஒருமணி காத்திருந்து மறுபடி தொடங்குவது சகஜம். நுண்தூசி அதிகமான நாளிலும் ரத்தாகலாம், 2018ல் அப்படி நடந்திருக்கிறது. ஹோட்டலிலிருந்து கிளம்பும் முன் அணியின் செயலியையோ லீக் தளத்தையோ ஒருமுறை பாருங்கள்.

## 10. வெளியே வருவது

ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரம் ஓடும். கடைசி அவுட்டோடு கிளம்பினால் ஸ்டேஷன் படியில் மொத்தக் கூட்டத்தோடு நிற்பீர்கள். உங்கள் அணி வென்றிருந்தால் இருந்துவிடுங்கள். அன்றைய நாயகனை ஆதரவு மேடைக்கு அழைத்துப் பேச வைப்பார்கள், பாட்டு இன்னொரு சுற்று போகும், அதற்குள் கூட்டமும் வடிந்துவிடும்.

குப்பையை அப்படியே போடாதீர்கள். மீந்த உணவு, பிளாஸ்டிக், மற்றவை என்று தனித்தனித் தொட்டிகள் வாசலருகே இருக்கும், முன்னால் போகிறவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள்.

டி-மணியில் திரும்பும் கட்டணம் இருக்கிறதா என்று வரும்போதே சரிபார்த்திருந்தால் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியதில்லை. ஜாம்சிலில் நெரிசல் பிடிக்காதவர்கள் ஒரு ஸ்டேஷன் தூரம் நடந்து ஜாம்சில் செனே ஸ்டேஷனில் ஏறலாம். பசித்தால் அங்கேயே உணவுக்கடைத் தெரு இருக்கிறது, ஆட்டம் முடிந்த நேரத்திலும் திறந்திருக்கும்.